முதலில் மாமாவின் செயின்

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது என் மாமாவைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் என்னைப் பார்த்தால் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொள்வார். ஐஸ்கிரீம் வாங்கித் தருவார். என் சடையைப் பிடித்து இழுத்து, "என்னடி டீச்சர்" என்பார். ஐஸ்கிரீம் தீரும் வரையில் வெறுப்பைத் தள்ளி வைப்பேன். தீர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நியாலாஸ் ஊர்ப் பக்கத்தில் நாங்கள் இருந்த தாமான் குடியிருப்பு வீட்டில் எங்களோடுதான் தங்கியிருந்தார். அப்பாவும் அவரும் சேர்ந்து மரம் வெட்டும் வேலை செய்தார்கள். கூரை மேல் சாய்ந்த மரம், மின்கம்பியில் உரசும் கிளை, காற்றில் முறிந்த டுரியான் என்று யாராவது கூப்பிட்டால், கயிறுகளையும் செயின்சாக்களையும் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, சின்னச் செயின்சாவைத் தொங்கவிட்டபடி மாமா மேலே ஏறுவார். அப்பா கீழே நிற்பார். வெட்டிய கிளை யார் தலையிலும் விழாமல் கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்குவது அப்பாவின் வேலை. இறங்கியதைப் பெரிய செயின்சாவால் துண்டு போடுவதும் அவர் வேலைதான்.

இதில் என்ன வயிற்றெரிச்சல் என்று கேட்கலாம். மேலே ஏறுகிறவரை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கீழே நின்றவரிடம், "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது" என்றார்கள். அவ்வளவுதான்.

ஒரு முறை யாரோ எடுத்த வீடியோ ஒன்று எங்கள் வட்டாரத்து ஹேண்ட்போன்களையெல்லாம் சுற்றி வந்தது. மாமா ஓர் உயரமான மரத்தின் உச்சியில் ஒற்றைக் கையால் கிளையை அறுத்துவிட்டு, கீழே பார்த்துச் சிரிக்கிறார். பள்ளியில் எல்லோரும் என்னிடம் வந்து, "அது உன் மாமாதானே?" என்று கேட்டார்கள். நான் ஒரு தோழியின் அக்காவிடம் ஹேண்ட்போனை வாங்கி, வீடியோவை நிறுத்தி, கீழ் ஓரத்தைச் சுட்டிக் காட்டினேன்.

"இது எங்க அப்பா."

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "எங்க? கயிறுதான் தெரியுது."

உண்மையில் அப்பாவின் தொப்பியில் பாதியும் தெரிந்தது. அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். மீன் குழம்பு வைத்தால் சதைப்பிடிப்பான துண்டு மாமாவின் தட்டுக்குப் போகும். நான் முறைத்தால் அம்மா, "மேல ஏறுறவன் லா. நல்லா சாப்பிடணும்" என்பார். அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். வேலை நாட்களில் அம்மா தொழிற்சாலையிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்வார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்க அல்ல, "தம்பி எறங்கிட்டானா?" என்று கேட்க.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னால் பொறுக்க முடியாதது செயின் விஷயம்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து குளித்ததும், அப்பா வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் உட்காருவார். செயின்சாவை ஒரு மரக்கட்டையில் ஆடாமல் இறுக்கி வைத்துக்கொண்டு செயினை ராவுவார். அந்தச் செயின் முழுக்கச் சின்னச் சின்னப் பற்கள். ஒன்று இடப்பக்கம் பார்த்திருக்கும், அடுத்தது வலப்பக்கம் பார்த்திருக்கும். பென்சில் போன்ற உருண்டை அரத்தை வைத்து அவற்றை ஒவ்வொன்றாகக் கூராக்க வேண்டும். எங்கே தொடங்கினோம் என்று மறக்காமல் இருக்க, அப்பா முதல் பல்லின் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பார். அரத்தை முன்னால் மட்டும் தள்ளுவார். திரும்பி வரும்போது பல்லில் படாமல் தூக்கிக்கொள்வார். ஒரு பல்லுக்கு எத்தனை முறை தள்ளினாரோ, மற்ற எல்லாவற்றுக்கும் அத்தனை முறைதான். ஒரு பக்கத்துப் பற்கள் முடிந்த பிறகு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து மற்றவற்றைப் பார்ப்பார். நடுநடுவே பல்லை வெளிச்சத்தில் பார்ப்பார். மழுங்கிய விளிம்பு வெள்ளைக் கோடு போல மின்னும். கூரான விளிம்பு மின்னாது. மின்னுவது நிற்கும் வரை விடமாட்டார்.

இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தந்ததல்ல. அப்பா அதிகம் பேச மாட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டுமானால் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்படிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்: அவர் முதலில் எடுப்பது எப்போதும் மாமாவின் செயினை. நல்ல வெளிச்சம் முழுவதும் அதற்கே போய்விடும். தன்னுடையதை எடுக்கும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். கொசு பிடுங்கும். கை ஓய்ந்திருக்கும். ஏனோதானோவென்று தள்ளிவிட்டு, "போதும்" என்று எழுந்துவிடுவார். மறுநாள் மேலே மாமாவின் செயின்சா வெண்ணெயை அறுப்பது போல அறுக்கும். கீழே அப்பாவுடையது புகையும்.

"ஏன்பா மாமாவோடது மொதல்ல?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது சின்னது. சீக்கிரம் முடிஞ்சிடும்."

அது ஒருநாளும் சீக்கிரம் முடிந்ததில்லை.

இப்படி இருக்கையில், ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின் போது மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே, "மச்சான், இனிமே என் செயின நானே ராவிக்கிறேன்" என்றார்.

அப்பாவின் கை ஒரு நொடி நின்றது. "ஏன்?"

"ஒட்டுக்கடையில டீ குடிக்கிற பசங்க சிரிக்கிறானுங்க. உன் மச்சான் இல்லன்னா நீ சீரோ லாங்கிறானுங்க. ஒரு நாள் நான் தனியா வேல எடுக்கணும்னா இதெல்லாம் தெரிய வேணாமா?"

"தனியாவா?" என்றார் அம்மா.

"ஒரு நாள் லா அக்கா. நாளைக்கேவா?"

அப்பா, "சரி" என்றார். எனக்கு மட்டும் அன்று சோறு இனித்தது. மாமா தனியாகப் போய்விடுவார், அப்பாவின் செயின் இனி வெளிச்சத்தில் ராவப்படும், மீன் துண்டும் ஊர் திரும்பும் என்று மனத்துக்குள் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து முடித்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா வீட்டு முன்புறம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மறுநாள் சிம்பாங் அம்பாட்டில் ஒரு வேலை இருந்தது. காதில் பாட்டு. செயின்சா மடியில் கிடந்து ஆடியது. அவர் அரத்தை வைத்து, அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுவது போல முன்னும் பின்னும் இழுத்தார். புள்ளி வைக்கவில்லை. அதனால் சில பற்கள் இரண்டு முறை மாட்டின, சிலவற்றுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. கைக்கு வாகான பக்கத்தில் பலமாகத் தேய்த்தார். மறுபக்கத்துக்கு வந்தபோது எழுந்து இடம் மாறச் சோம்பல்பட்டு, கையை வளைத்துக்கொண்டு லேசாகத் தடவினார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"மாமா, திரும்பி வரும்போது அரத்தத் தூக்கணும்."

அவர் காதிலிருந்ததைக் கழற்றினார். "டீச்சர் கிட்ட லைசென்ஸ் இருக்கா?"

பிறகு தட்டை அரத்தை எடுத்தார். செயினின் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் மரத்தில் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்று கட்டுப்படுத்துவது அதுதான். அப்பா எப்போதாவதுதான் அதைத் தொடுவார். தொட்டாலும் ஒரு தள்ளு, கூடிப்போனால் இரண்டு. மாமா அதைக் கரகரவென்று தேய்க்க ஆரம்பித்தார்.

"இதக் கொறச்சா இன்னும் நல்லா கடிக்கும் லா" என்றார், யாரும் கேட்காமலே.

நான் பின்புறம் ஓடினேன். அப்பா தன்னுடைய செயினை ராவிக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. பெரிய செயினின் பற்களில் ஒரு பக்கம் அழகாக முடிந்திருந்தது.

"அப்பா, மாமா எல்லாத்தையும் தப்பா செய்யுறாரு."

"என்ன செய்யுறான்?"

பார்த்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே ராவினார். மேட்டைப் பற்றிச் சொன்னதும் அரம் நின்றுவிட்டது.

"எவ்வளவு கொறச்சான்?"

"நெறய."

அவர் எழுந்து முன்பக்கம் போவார், இரண்டு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் போகவில்லை. தன் செயின்சாவின் மறுபக்கத்தைத் தொடாமலே அதை ஓரமாக வைத்துவிட்டுச் சாமான் பெட்டியில் எதையோ தேடத் தொடங்கினார். "போய் ஹோம்வர்க் செய்" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. அப்பாவும் காத்திருக்கிறார். நாளைக்கு நாலு பேர் முன்னால் மாமா அவமானப்படட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். இத்தனை நாளும் நான் மட்டும்தான் பொறாமைப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். இப்போது நாங்கள் இரண்டு பேர், ஒரே கட்சி. அன்று நன்றாகத் தூங்கினேன். விடியற்காலையில் எங்கோ 'சர்க், சர்க்' என்று ஒரு சத்தம் கேட்டது. அம்மா தேங்காய் துருவுகிறார் என்று எண்ணிப் புரண்டு படுத்தேன்.

சனிக்கிழமை அம்மாவுக்கு வேலை இருந்ததால் என்னையும் வேனில் அழைத்துப் போனார்கள். சிம்பாங் அம்பாட்டில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பாயின் வீடு அது. கடைக்குப் பின்னாலேயே வீடு. அந்த வாரம் அடித்த காற்றில் கொல்லைப்புற டுரியான் மரம் வேர் அசைந்து, சமையலறைக் கூரையின் மேல் சாய்ந்து நின்றது. கடைக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். பேரப்பிள்ளைகள் ஹேண்ட்போன்களோடு தயாராக இருந்தார்கள். அக்கம்பக்கத்தாரும் வேலி ஓரம் கூடிவிட்டார்கள்.

மாமா பட்டையைக் கட்டிக்கொண்டு மரத்தை நோக்கி நடந்தார்.

"இரு" என்றார் அப்பா. "கீழ ஒரு கட்டைய வெட்டிப் பாரு."

"எதுக்கு மச்சான்?"

"பாரு லா."

விழுந்து கிடந்த ஒரு கிளையின் மேல் மாமா செயின்சாவை வைத்தார். சீவல் சீவலாகப் பறக்க வேண்டிய இடத்தில் மாவு போலத் தூள் கொட்டியது. வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்துகொண்டே போனது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். திடீரென்று செயின் மரத்தைக் கவ்வியது. செயின்சா உதறிக்கொண்டு அவர் முகத்தை நோக்கித் துள்ளியது. அவர் பின்னால் தாவி, கால் தடுக்கி, புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கை தட்டினேன். வேறு சிலரும் சிரித்தார்கள்.

"என்னப்பா, ரம்பம் அழுவுது?" என்றார் கடைக்காரர். "இத வெச்சிக்கிட்டா எங்க வீட்டு மேல ஏறப் போறீங்க?"

மாமாவின் காது மடல் சிவந்திருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க பாய். நேத்து இருட்டுல ராவினேன். கண்ணு சரியாத் தெரியல."

"கண்ணாடி போடுய்யா. வயசாவுதுல்ல?"

எல்லோரும் இப்போது அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்கள். "இல்ல! அப்பா ராவல!" என்று கத்தினேன். "மாமாதான்…"

"வாய மூடு" என்றார் அப்பா. என்னிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "வேன் பக்கம் போய் நில்லு."

நான் வேன் பக்கம் போய் நின்றேன். அப்பா என் பின்னாலேயே வந்து, ஓட்டுநர் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்தார். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய சின்னச் செயின் ஒன்று இருந்தது. ஒதுக்கிப் போட்டிருந்த பழைய செயின்தான். ஆனால் எந்தப் பல்லின் விளிம்பிலும் வெள்ளைக் கோடு இல்லை. ஒரு பல்லின் மேல் புதிய மார்க்கர் புள்ளி. விடியற்காலையில் கேட்டது அம்மா தேங்காய் துருவிய சத்தம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. துரோகம் செய்யப்பட்டவள் போல நின்றேன். எங்கள் கட்சியில் நான் ஒருத்திதான் மிச்சம்.

அப்பா மாமாவைப் பார்க்காமலே செயினை மாற்றி மாட்டினார். மாமா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மரத்தில் ஏறினார்.

அன்று அவர் வெட்டியது போல முன்பு வெட்டி நான் பார்த்ததில்லை. கிளைகள் ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறங்கின. ஒரு கூரைத் தகரம்கூட நசுங்கவில்லை. பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் அப்பாவின் ஹேண்ட்போன் அடித்தது. அவர் இரண்டு கையிலும் கயிறு இருந்ததால், என்னை எடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அம்மாதான்.

"தம்பி ஏறிட்டானா?"

"ஏறிட்டாரு."

அம்மா மேலே ஒன்றும் கேட்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. செயின்சாச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அந்தப் பக்கம் சும்மா இருந்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்று இப்போதாவது கேட்பார் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, நானே கட் செய்தேன்.

மாமா இறங்கி, கடைக்காரர் வீட்டில் கொடுத்த இனிப்புச் சிராப் தண்ணீரை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். அப்பா பெரிய செயின்சாவைக் கிளப்பிக் கட்டைகளைத் துண்டு போடத் தொடங்கினார். நான் பயந்தது போலவே நடந்தது. ஒரு பக்கம் மட்டும் ராவிய செயின் அது. வெட்டு வளைந்தது, மரம் புகைந்தது, அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"உன்னோடதும் அழுவுதேய்யா!" என்றார் கடைக்காரர். "பேசாம மச்சினன் கிட்ட குடுத்து ராவச் சொல்லு."

வேலி ஓரம் முழுக்கச் சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மாமா எழுந்தார். கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார்.

"பாய், காலையில கெட்டுப்போனது நான் ராவுன செயின். மச்சான் தொடவே இல்ல. எனக்கு ராவத் தெரியாது. நான் மேல வெட்டுனது அவரு ராவுனது."

சிரிப்பு நின்றது. அப்பாவுக்குக் காதில் விழுந்ததோ என்னவோ, நிமிராமல் அறுத்துக்கொண்டே இருந்தார். இனி எல்லோரும் அப்பாவைப் பாராட்டுவார்கள் என்று நான் நிமிர்ந்து நின்றேன். கடைக்காரர் மாமாவின் தோளில் கை போட்டார்.

"நல்ல பிள்ள. இந்தக் காலத்துல யாரு இப்பிடி உண்மைய ஒத்துக்குறா?"

அதற்கும் பாராட்டு மாமாவுக்கே போனது.

மேலே தொங்கிக்கொண்டிருப்பவர் கையில் செயின்சா துள்ளினால், பின்னால் தாவுவதற்கு அங்கே புல்தரை இல்லை. இதை நான் புரிந்துகொள்ளப் பல வருடம் ஆயிற்று. கீழே நிற்பவரின் செயின் மழுங்கினால் வியர்வையோடு போகும். மேலே இருப்பவரின் செயின் கெட்டால், வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொல்ல வேண்டியவர் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர். அப்பா வெளிச்சத்தை எதற்குச் செலவழித்தார் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா மறுபடியும் தோற்றுவிட்டார் என்பதுதான்.

வேலை முடிந்து கிளம்பியபோது மாமா முன்னால் உட்காரவில்லை. பின்னால் ஏறி, கயிற்றுச் சுருளின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார். முன் சீட் எனக்குக் கிடைத்தது. அப்பாவுக்குப் பக்கத்தில், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, ராணி போல உட்கார்ந்தேன். கடைசியில் இது ஒன்றிலாவது ஜெயித்தேன்.

ஆனால் அப்பா வேனை ஓட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகூட எங்களை முந்திக்கொண்டு போனது. குழி வரும் இடமெல்லாம் கிட்டத்தட்ட நிறுத்தியே விடுவார். பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன.

"வேகமா போங்கப்பா. பசிக்குது."

"தூங்குறான்" என்றார் அப்பா.

அதைச் சொல்லும்போதும் அவர் கண் நடுக்கண்ணாடியில் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பார்த்தார். பிறகு மறுபடி. முன் சீட்டில் முழுதாக விழித்துக்கொண்டு நான் ஒருத்தி உட்கார்ந்திருக்க, பின்னால் குறட்டை விடுகிற ஆளை எதற்கு இத்தனை முறை பார்க்க வேண்டும் என்று வீடு வந்து சேரும் வரை எனக்கு விளங்கவே இல்லை.